எந்த கம்பெனி என்று கேட்பதற்கு முன் எந்த டெஸ்க் என்று கேளுங்கள்

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் கேம்பஸ் தேர்வு சூடு பிடித்ததிலிருந்து, பெரிய நிதித் தகவல் நிறுவனங்களில் சேரலாமா என்று கேட்டு வரும் கடிதங்கள் கூடிவிட்டன. அவற்றில் சிலவற்றைச் சேர்த்து, இந்த இதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

என் மகள் பி.காம். சி.ஏ. கடைசி வருசம். ஹைதராபாத்தில் ஒரு பெரிய நிதித் தகவல் நிறுவனத்தில் எடுத்திருக்கிறார்கள். பேங்கும் இல்லை, ஐ.டி. கம்பெனியும் இல்லை என்கிறாள். அப்புறம் அவர்களுக்கு வருமானம் எங்கிருந்துங்க வருது? நம்பி அனுப்பலாமுங்களா?
*ஒரு தந்தை, பெருந்துறை*

விற்பது தகவலைத்தான். பங்கு, கடன் பத்திரம், நாணயம், கச்சா எண்ணெய், பருத்தி ஆகியவற்றின் விலைகள், கம்பெனிகளின் கணக்கு வழக்குகள், யாரிடம் எத்தனை பங்கு இருக்கிறது, எந்தக் கடனுக்கு என்ன ரேட்டிங் (திருப்பித் தரும் திறனுக்கான மதிப்பீடு). இதையெல்லாம் உலகம் முழுவதிலுமிருந்து திரட்டி, பிழை பார்த்து, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, வங்கிகளுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் சந்தாவுக்குக் கொடுக்கிறார்கள். ப்ளூம்பெர்க், எல்.எஸ்.இ.ஜி., எஸ் அண்ட் பி குளோபல், மூடிஸ், ஃபேக்ட்செட், மார்னிங்ஸ்டார், எம்.எஸ்.சி.ஐ. ஆகியவை இந்தத் தொழிலின் பெரிய பெயர்கள். 1981-ல் தொடங்கிய ப்ளூம்பெர்க்கின் டெர்மினலுக்கு (தகவல் பார்க்கும் கணினிச் சேவை) ஓர் ஆளுக்கு ஆண்டுச் சந்தா 25,000 டாலருக்கு மேல். நம் பணத்தில் 20 லட்சத்தைத் தாண்டும்.

சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இந்தச் சந்தா வந்துகொண்டே இருக்கும். புரோக்கரேஜ் கம்பெனியில் சந்தை படுத்தால் ஆள் குறைப்பு உடனே வரும். இங்கே அவ்வளவு வேகமாக வராது. தகவல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2015 ஏப்ரல் 17-ஐச் சொல்வார்கள். அன்று ப்ளூம்பெர்க் டெர்மினல் சில மணி நேரம் முடங்கியதில், பிரிட்டிஷ் அரசே தன் கருவூல உண்டியல் (குறுகிய காலக் கடன் பத்திரம்) விற்பனையைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் தொழிலில் பெரியவர்கள் ஒருவரையொருவர் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். 2021-ல் லண்டன் பங்குச் சந்தையை நடத்தும் எல்.எஸ்.இ.ஜி., ரெஃபினிட்டிவ்வை வாங்கியது. 2022-ல் எஸ் அண்ட் பி குளோபலும் ஐ.எச்.எஸ். மார்க்கிட்டும் ஒன்றாயின. இணைந்த பிறகு ஒரே தகவலைத் திரட்டும் இரண்டு டீம்கள் இருக்கும். அதில் ஒன்று எத்தனை நாளைக்கு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அடுத்தவருக்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு வேறு டீமுக்கு மாறச் சொல்வதும் உண்டு. வெளியே போகச் சொல்வதும் உண்டு. சேர்ந்த முதல் மாதத்திலேயே இதை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் "பெரிய கம்பெனி, அரசு வேலை மாதிரி" என்று சொந்தக்காரர்கள் சொன்னால் நம்ப வேண்டாம்.

மகளை அனுப்பலாம். அனுப்பும் முன் அவளிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எந்த டெஸ்க், அதாவது எந்த நாட்டின் எந்த வகைத் தகவலைப் பார்க்கும் பிரிவு? பதில் வரவில்லையென்றால் எச்.ஆரிடம் மெயில் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் விளங்கும்.

"டேட்டா அனலிஸ்ட்" என்று ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கிறது. நாள் முழுக்க என்னதான் செய்ய வேண்டியிருக்கும்? சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
*பி.காம். மாணவர், நாமக்கல்*

சீனியர்கள் சொல்வது எல்லாமே உண்மையாக இருக்கும். ஒரே பதவிப் பெயரில் ஏழெட்டு விதமான வேலை நடக்கிறது. கம்பெனிக் கணக்குகளைத் திரட்டுவது ஃபண்டமென்டல்ஸ். புரோக்கர்கள் வெளியிடும் லாப மதிப்பீடுகளைச் சேர்ப்பது எஸ்டிமேட்ஸ். போனஸ், ஸ்ப்ளிட், டிவிடெண்டுகளைக் கவனிப்பது கார்ப்பரேட் ஆக்‌ஷன்ஸ். கடன் பத்திரங்களின் வட்டி, முதிர்வு, நிபந்தனைகளைப் பதிவது ஃபிக்ஸட் இன்கம். கம்பெனி வாங்கல் விற்றல்களைத் தொடர்வது டீல்ஸ். வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில் சொல்வது கிளையன்ட் சப்போர்ட். இவற்றில் எதில் போடப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் மூன்று வருடம் நல்லதாகவோ வீணாகவோ போகும்.

புதிதாகச் சேர்பவர்களில் நிறையப் பேர் போவது ஃபண்டமென்டல்ஸ். அதை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். கோவையில் லிஸ்ட் ஆன ஒரு பம்ப் கம்பெனியின் காலாண்டு முடிவு வருகிறது என்று வையுங்கள். கம்பெனி அதை பங்குச் சந்தைக்கு பி.டி.எஃப். ஆகவும் எக்ஸ்.பி.ஆர்.எல். (கணினியே நேரடியாகப் படிக்கும் வடிவம்) கோப்பாகவும் அனுப்பும். உங்கள் க்யூவில், அதாவது வேலை வரிசையில், அது ஒரு டாஸ்க் ஆக வந்து விழும், பக்கத்தில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். முதல் வேலை, ஸ்டாண்ட்அலோனா (கம்பெனியின் தனிக் கணக்கு) கன்சாலிடேட்டடா (துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கு) என்று பார்ப்பது. இரண்டும் ஒரே பி.டி.எஃப்.பில் அடுத்தடுத்த பக்கங்களில், ஒரே வடிவத்தில் இருக்கும். அவசரத்தில் இங்கேதான் வழுக்கும்.

அடுத்தது அலகு. ஒரு கம்பெனி லட்சத்தில் போடும், இன்னொன்று கோடியில், வெளிநாட்டு முதலீட்டாளர் அதிகம் உள்ளது மில்லியனில். 845.20 கோடி என்பது 8,452 மில்லியன், 84,520 லட்சம். அட்டவணையின் வலது மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால், விற்பனை பத்து மடங்கோ நூறு மடங்கோ ஆகிவிடும். அந்த எண்ணை நம்பி வாங்கும் விற்கும் கணினி நிரல்கள் மறுமுனையில் இருக்கின்றன.

அதன் பிறகு ஒவ்வொரு வரியையும் நிறுவனத்தின் சொந்த வார்ப்புருவில் பொருத்த வேண்டும். "இதர வருமானம்" தொழில் வருமானமா இல்லையா, "எக்ஸெப்ஷனல் ஐட்டம்" (வழக்கமாக வராத வரவு செலவு) லாபத்துக்கு மேலா கீழா, துணை நிறுவனத்தில் பிறர் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. அந்த விதிப் புத்தகம் நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். பயிற்சிக் காலம் முழுக்க அதைத்தான் படிக்க வைப்பார்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் நஷ்டம் என்பதை மறந்து நேராகப் பதிந்துவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. போன வருட எண்களைக் கம்பெனி திருத்தி வெளியிட்டிருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது பழையவர்கள் செய்யும் தவறு. பத்து ரூபாய் முகமதிப்புப் பங்கை இரண்டு ரூபாயாகப் பிரித்திருந்தால், பழைய ஈ.பி.எஸ். (ஒரு பங்குக்கான லாபம்) 50 என்பதை 10 என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் லாபம் ஐந்தில் ஒன்றாக விழுந்ததாக வரைபடம் காட்டும்.

எண்கள் கூட்டிப் பொருந்தினால் சப்மிட். அதில் ஒரு பகுதியை க்யூ.சி. (தரச் சோதனை) டீம் எடுத்துப் பார்க்கும். பிழை கண்டால் உங்கள் பெயரில் பதிவாகும், ஆண்டு மதிப்பீட்டில் எதிரொலிக்கும். அளவும் உண்டு, துல்லியமும் உண்டு: இத்தனை டாஸ்க், இத்தனை சதவீதம் சரி. துல்லியத்துக்குக் கேட்பது 99 சதவீதத்துக்கு மேல்தான் இருக்கும். தறிக்கு மீட்டர் கணக்கு எடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தோன்றாது.

நல்லது என்ன? ஒரு வருடம் ஒழுங்காகச் செய்தால், எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையையும் கையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் எலும்பு எது சதை எது என்று பிரித்துச் சொல்லலாம். சாதாரண பி.காம். முடித்தவருக்கு அது வராது. அமெரிக்கக் கணக்கு முறைக்கும் நம் இண்ட்-ஏ.எஸ். முறைக்கும் எங்கே வேறுபாடு என்பது பழக்கத்திலேயே பதிந்துவிடும். கெட்டது என்ன? இரண்டாம் வருடமும் அதே க்யூ, அதே வார்ப்புரு. வேலை செய்யும் மென்பொருள் அந்த நிறுவனத்துக்கு வெளியே எங்கும் கிடையாது. அதில் எவ்வளவு வேகம் இருந்தாலும் வேறு இடத்தில் அதற்கு மதிப்பில்லை. இன்னொரு குறையையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரே கட்டடத்தில் சாஃப்ட்வேர் டீமுக்கு ஒரு சம்பள வரிசை, டேட்டா டீமுக்கு ஒரு சம்பள வரிசை. இடைவெளி வருடத்துக்கு வருடம் கூடும்.

லீவு விஷயமும் இதோடு சேர்ந்தது. லிஸ்ட் ஆன இந்தியக் கம்பெனிகள் காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் முடிவு வெளியிட வேண்டும். மார்ச் காலாண்டுக்கு, ஆண்டுக் கணக்கும் சேர்வதால், 60 நாள். அதனால் ஆகஸ்ட் 14, நவம்பர் 14, பிப்ரவரி 14, மே 30 ஆகிய தேதிகளுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் மூச்சு விட நேரம் இருக்காது. இந்தியா டெஸ்க் என்றால் ஆடிப்பெருக்கும் தீபாவளியும் ரிசல்ட் சீசனுக்குள்ளேயே விழும். பங்குனியில் பண்ணாரி குண்டம் பார்க்க ஊருக்கு வர லீவு கேட்டால் சுலபமாகக் கிடைக்கும். அமெரிக்க டெஸ்க்கில் கணக்கே வேறு. பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கை 60 நாள் கெடு என்பதால் பிப்ரவரி முழுக்க நெருக்கடி.

அமெரிக்க மார்க்கெட் டெஸ்க் கிடைத்திருக்கிறது. ஷிப்ட் "2 முதல் 11 வரை, மாறலாம்" என்றார்கள். எவ்வளவு மாறும்? பெண் பிள்ளை தனியாகச் சமாளிக்க முடியுமா என்று வீட்டில் யோசிக்கிறார்கள்.
*வாசகி, கோபிசெட்டிபாளையம்*

நியூயார்க் சந்தை அங்கே காலை 9.30-க்குத் திறக்கும். நமக்கு அது கோடையில் இரவு 7 மணி, குளிர்காலத்தில் 8 மணி. மூடுவது கோடையில் நள்ளிரவு தாண்டி 1.30, குளிர்காலத்தில் 2.30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை உங்கள் ஷிப்ட் ஒரு மணி நேரம் நகரும். பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் பல, சந்தை மூடிய பிறகே முடிவு வெளியிடும். அதை உடனுக்குடன் பதிய வேண்டிய டீம் என்றால் விடியும் வரை வேலை. மறுநாள் பதிந்தால் போதும் என்கிற டீம் என்றால் இந்தியப் பகல் நேரத்திலேயே முடித்துவிடலாம். இரண்டுமே "அமெரிக்க டெஸ்க்"தான். எனவே நீங்கள் கேட்க வேண்டியது, "ரியல் டைமா, மறுநாளா?"

ஐரோப்பிய டெஸ்க்குக்கு லண்டன் திறப்பது நமக்கு மதியம் 12.30 அல்லது 1.30, மூடுவது இரவு 9 அல்லது 10. ஜப்பான் டெஸ்க் என்றால் டோக்கியோ திறக்கும்போது இங்கே காலை 5.30, விடியலில் எழப் பழகியவர்களுக்கு அது மோசமில்லை, மதியத்துக்கு மேல் நாள் உங்களுடையது. நாங்கள் பார்த்தவரை உடம்புக்கு ஒத்துக்கொள்வது நிலையான ஷிப்ட்தான், அது இரவாகவே இருந்தாலும். வாரத்துக்கு வாரம் மாறும் சுழற்சி ஷிப்ட்டில்தான் தூக்கமும் வயிறும் கெடுகின்றன.

போக்குவரத்தைப் பற்றி வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். கேப் வாசல் வரை வருமா, மெயின் ரோட்டோடு நின்றுவிடுமா? கடைசியாக இறங்குவது பெண்ணாக இருந்தால் வண்டியில் காவலர் வருவாரா? நீங்கள் தங்கப்போகும் பகுதி அவர்களுடைய கேப் எல்லைக்குள் இருக்கிறதா? ஹாஸ்டலைப் பார்ப்பதற்கு முன்பே மூன்றாவது கேள்விக்குப் பதில் வாங்குங்கள். எல்லைக்கு வெளியே முன்பணம் கட்டிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஹாஸ்டலில் இரவு இரண்டு மணிக்குக் கதவு திறப்பார்களா என்பதையும் வார்டனிடம் நேரில் கேளுங்கள்.

பெங்களூரில் பெரிய ரேட்டிங் நிறுவனம் ஒன்றில் சேரப் போகிறேன். அப்பா பெயரிலும் எங்கள் எச்.யு.எஃப். (இந்துக் கூட்டுக் குடும்பம்) பெயரிலும் டிமேட் இருக்கிறது. ஆர்டர் போடுவது நான்தான். இதுபோக ஊரில் மாமா நடத்தும் ஃபைனான்ஸில் நானும் ஒரு ஸ்லீப்பிங் பார்ட்னர். இதையெல்லாம் சொல்ல வேண்டுமா? சொன்னால் வேலை போய்விடுமா?
*வாசகர், திருப்பூர்*

சொல்ல வேண்டும். சொன்னதால் வேலை போவதில்லை. சொல்லாமல் விட்டு பின்னால் தெரிந்தால்தான் போகும். கொங்குப் பகுதிப் பிள்ளைகள் இந்தத் துறையில் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். குடும்பத்தில் யார் பெயரில் எது இருக்கிறது என்பது நமக்கு ஒரு பொருட்டே இல்லை. விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் கம்ப்ளையன்ஸ் துறைக்கு அதுதான் எல்லாம்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் விதி உறுத்தாது. ஒரு கம்பெனியின் ரேட்டிங் நாளை குறையப் போகிறது என்பது இன்று உங்கள் டீமுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு பங்கு குறியீட்டில் சேரப் போவது முன்கூட்டியே கண்ணில் படலாம். வெளியே வராத, விலையை அசைக்கக்கூடிய தகவல் அது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2015-ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிமுறைகளில், உங்களை நம்பி வாழ்கிற அல்லது பங்கு வாங்க விற்க உங்களைக் கலந்துகொள்கிற பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளும் நெருங்கிய உறவினர்கள்தான். மனைவி எப்படியும் உண்டு. அப்பா கணக்கில் ஆர்டர் போடுவதே நீங்கள் என்னும்போது "அது அப்பாவுடையது" என்கிற வாதம் நிற்காது. உள்வணிகம் நிரூபணமானால் குறைந்தபட்ச அபராதமே 10 லட்சம். மேல் வரம்பு 25 கோடி அல்லது கிடைத்த லாபத்தைப் போல மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அது.

நடைமுறை பெரும்பாலான நிறுவனங்களில் இப்படி இருக்கும். சேர்ந்த சில நாட்களுக்குள் உங்களுடைய, ஒரே வீட்டில் வசிப்பவர்களுடைய, நீங்கள் கையாளும் எல்லா டிமேட் கணக்குகளையும், எச்.யு.எஃப். உட்பட, தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு பங்கை வாங்கும் முன்னும் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி ஓரிரு நாளைக்குத்தான் செல்லும். அதற்குள் வாங்காவிட்டால் மறுபடி கேட்க வேண்டும். வாங்கியதைக் குறிப்பிட்ட நாள், பல இடங்களில் ஒரு மாதமோ அதற்கு மேலோ, விற்க முடியாது. எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பல இடங்களில் அறவே கூடாது. ரேட்டிங் டீமில் இருந்தால் நீங்கள் பார்க்கும் கம்பெனிகளின் பங்கையோ பத்திரத்தையோ வைத்திருக்கவே கூடாது. முன்பே வைத்திருந்தால் விற்கச் சொல்வார்கள், நஷ்டமாக இருந்தாலும். சாதாரண ஓபன் எண்டெட் மியூச்சுவல் ஃபண்டுக்குப் பொதுவாகத் தடை இல்லை. எஸ்.ஐ.பி. போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது உத்தமம்.

சிக்குவது எப்படி என்றால், தெரியாமல் நடக்கும் சிறு விஷயங்களில். அப்பா ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பித்துப் பங்கு ஒதுக்கீடாகிவிடும். நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். விலை இறங்கினால் விற்கும்படி போட்ட பழைய ஸ்டாப் லாஸ் ஆர்டர் கிடந்து, 30 நாள் முடியும் முன் தானாக விற்றுவிடும். கல்யாணம் ஆனதும் மனைவியின் கணக்கைச் சேர்க்க மறந்துவிடுவீர்கள். ஆண்டு இறுதி உறுதிமொழிப் படிவத்தில் இவை வெளிவரும். ஆகவே சேரும் தேதிக்கு முன்பே அப்பாவின் கணக்கிலிருந்து உங்கள் செல்போன் எண்ணையும் மெயிலையும் எடுத்துவிடுங்கள், ஆர்டரை அவரே போடட்டும். எச்.யு.எஃப். கணக்கை எப்படியும் தெரிவியுங்கள்.

ஃபைனான்ஸ் கூட்டாண்மை தனி விஷயம். வெளித்தொழில் ஈடுபாடு என்று அதற்கு ஒரு படிவம் இருக்கும். நிலம், தோப்பு, கோழிப்பண்ணைக் குத்தகை வருமானத்தில் யாரும் குறை காண மாட்டார்கள். பவர்லூம் ஷெட்டில் பங்கு என்றாலும் தெரிவித்துவிட்டால் பெரும்பாலும் முடிந்தது. கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ் அப்படிக் கிடையாது. நிதித் தொழில் என்பதால் விலகச் சொல்ல வாய்ப்பு அதிகம். விலகுவதானால் வெறும் வாய்ப்பேச்சாக இல்லாமல், கூட்டாண்மைப் பத்திரத்தைத் திருத்தி, பதிவாளர் அலுவலகத்திலும் மாற்றம் பதிந்து, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் சந்தாதாரராக இருப்பது வேறு, சீட்டு நடத்துவது வேறு. முன்னது உங்கள் சேமிப்பு, பின்னது தொழில்.

மேலும் ஒன்று: நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் "இந்த ஷேர் ஏறுமா?" என்று கேட்டால், அந்த வேலையில் இருக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

ஆண்டுக்கு 4.80 லட்சம் என்றார்கள். மாதம் 40,000 கைக்கு வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிட்டார்கள். சரியா?
*வாசகர், சேலம்*

வராது. ஏறத்தாழ 30,000 வரும். வழக்கமான ஆஃபர் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். 4.80 லட்சத்தில் 10 சதவீதம், அதாவது 48,000, வேரியபிள். ஆண்டுக்கு ஒரு முறை வரும், முழுதாக வரும் என்ற உறுதி இல்லை. மிச்சம் மாதத்துக்கு 36,000. அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வைத்தால், கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 2,400. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 4.81 சதவீதம், 962. இந்த இரண்டும் உங்கள் சி.டி.சி.க்குள்ளேயே (ஆஃபரில் சொன்ன மொத்தத் தொகை) அடக்கம். மாதச் சம்பளச் சீட்டில் 32,638 நிற்கும். அதில் உங்கள் பங்கு பி.எஃப். 2,400, ஹைதராபாத் என்றால் தொழில் வரி 200. கைக்கு 30,038. பெற்றோருக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் சேர்த்தால் அதற்கும் ஒரு பிடித்தம் இருக்கும். ஆனால் அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள அப்பா அம்மாவுக்கு வெளியே தனியாக பாலிசி எடுத்தால் காத்திருப்புக் காலம் இருக்கும். கம்பெனி குரூப் பாலிசியில் பெரும்பாலும் அது கிடையாது.

சில நிறுவனங்கள் பி.எஃப்.-ஐ 15,000 சம்பள வரம்புக்கு மட்டும் கணக்கிட்டு 1,800 பிடிக்கும். அப்போது உங்கள் பங்கிலும் கம்பெனி பங்கிலும் 600 வீதம் குறைவதால் கையில் 1,200 கூடும், சேமிப்பில் அது குறையும். வருமான வரியை இப்போதைக்கு மறந்துவிடலாம். புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி வராது.

இரண்டு பேர் பகிரும் பி.ஜி., சாப்பாட்டோடு, எட்டு பத்தாயிரம் ஆகிவிடும். ஹைதராபாத்திலிருந்து சனி ஞாயிறுக்கு வந்து திரும்புவது நடக்காத காரியம். பெங்களூரு என்றால் வெள்ளி இரவு பஸ் ஏறினால் விடிவதற்குள் சேலம். சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும் பெங்களூருக்கே எங்கள் ஓட்டு.

இரண்டு வருட பாண்டு கேட்கிறார்கள். சர்ட்டிபிகேட் ஒரிஜினலையும் கொடுக்கச் சொல்கிறார்கள்.
*வாசகி, கரூர்*

ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். நேரில் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரச் சொல்லுங்கள். மறுக்கும் நிறுவனத்தைப் பற்றி நாங்கள் மேற்கொண்டு சொல்ல என்ன இருக்கிறது?

பாண்டு செல்லாது என்று ஊரில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்ச பணிக்கால நிபந்தனையையும் அதை மீறினால் கட்ட வேண்டிய 2 லட்சம் ரூபாயையும் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை வேறு. ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவின்படி அது பொதுவாக நிற்காது. தொகை எவ்வளவு, மாதம் கூடக் கூட அது குறையுமா, நோட்டீஸ் காலம் 60 நாளா 90 நாளா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 90 நாள் நோட்டீஸ் பிற்பாடு வேறு வேலை தேடும்போது பாண்டைவிட அதிகம் இடிக்கும்.

பெரிய கம்பெனியில் "பேக் டோர்" வழியாகச் சேர்த்துவிட ஒரு கன்சல்டன்சி 80,000 கேட்கிறது. நம்பலாமா?
*வாசகர், பொள்ளாச்சி*

வேண்டாம். இந்த நிறுவனங்கள் முந்தைய வேலை, படிப்பு எல்லாவற்றையும் தனி ஏஜென்சி வைத்துச் சரிபார்க்கும். பி.எஃப். பதிவில் இல்லாத அனுபவச் சான்று அங்கே ஒரு வாரம் தாங்காது. காசும் போய், அந்த நிறுவனத்தில் மறுபடி விண்ணப்பிக்கும் வாய்ப்பும் போய்விடும்.

மூன்று வருடமாக ஃபண்டமென்டல்ஸ் டீமில் இருக்கிறேன். ஏ.ஐ. வந்து எங்கள் க்யூ பாதியாகிவிட்டது. கோவைக்கே திரும்பிவிடலாமா என்று இருக்கிறது. சி.எஃப்.ஏ. எழுதினால் பயன் உண்டா?
*வாசகர், கோயம்புத்தூர்*

க்யூ குறைவது இப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2009-லும் இங்கே 2011-லும் கணக்குகளை எக்ஸ்.பி.ஆர்.எல்.-ல் கேட்க ஆரம்பித்தபோதே, முகப்பு எண்களைக் கையால் பதியும் வேலைக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஏ.ஐ. அதை வேகப்படுத்தியிருக்கிறது. விற்பனை, லாபம், ஈ.பி.எஸ். மாதிரி தெளிவான வரிகளை இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அதனிடம் இன்னும் சறுக்குவது அடிக்குறிப்புகள், ஸ்கேன் செய்த பழைய பி.டி.எஃப்., செக்மென்ட் (தொழில்வாரிப்) பிரிப்பை நடு வருடத்தில் மாற்றும் கம்பெனி, கடன் பத்திரத்தின் நிபந்தனை வாசகங்கள். இயந்திரம் தவறாக எடுத்தாலும் தயங்காமல் எடுக்கும் என்பதால், சந்தேகம் வர வேண்டிய இடத்தில் சந்தேகப்படும் ஆள் தேவை. அந்த இடத்துக்கு நீங்கள் நகர வேண்டும்.

வெளியே போகும் முன் உள்ளேயே பாருங்கள். ஐ.ஜே.பி. (உள்ளே இருப்பவர்களுக்கான வேலை அறிவிப்பு) மூலம் டேட்டா குவாலிட்டி, ப்ராடக்ட், கிளையன்ட் சப்போர்ட் டீம்களுக்கு மாற வழி இருக்கும். அங்கே கேட்பது தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல்., கொஞ்சம் பைத்தான். பைத்தானில் முழு சாஃப்ட்வேர்காரர் ஆக வேண்டாம். நூறு கம்பெனிகளின் எண்களை ஏற்றி, போன காலாண்டைவிட பத்து மடங்கு மாறியவை எவை, கூட்டுத் தொகை பொருந்தாதவை எவை என்று பிரித்துக் காட்டும் சிறு நிரல் எழுதத் தெரிந்தால் போதும். அந்த நிரலை உங்கள் டீமுக்கே எழுதிக் கொடுத்து, மேலாளர் மெயிலில் பாராட்டும்படி செய்யுங்கள், ஐ.ஜே.பி. நேர்காணலில் அதுதான் பேசும்.

ரெஸ்யூமேயில் "ஆண்டறிக்கைகளிலிருந்து தகவல் திரட்டினேன்" என்று எழுதினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். எந்த நாடுகள், எந்தத் துறைக் கம்பெனிகள், எந்தக் கணக்கு முறை, வங்கிக் கணக்குகள் பார்த்தீர்களா, எந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடித்துத் தடுத்தீர்கள் என்று எழுதுங்கள். வங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக் கணக்குகளைப் பார்த்த அனுபவம் தனியாக விலை போகும். அவற்றின் வார்ப்புருவே வேறு என்பதால் ஆள் குறைவு.

கோவைக்குத் திரும்புவதில் தவறில்லை, ஆனால் இதே வேலையை அங்கே தேடினால் சம்பளம் இறங்கும். தேட வேண்டிய இடம் வேறு. திருப்பூர், கரூர் ஏற்றுமதி நிறுவனங்களில் டாலர், யூரோ ஃபார்வர்டு கவர் (நாணய மதிப்பை முன்கூட்டியே உறுதி செய்யும் ஒப்பந்தம்) போடும் ஆள் பல இடங்களில் முதலாளியின் மைத்துனராக இருக்கிறார். வட்டி, நாணய மதிப்புத் தகவலைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே நிதிப் பிரிவில் நல்ல இடத்தில் உட்கார முடியும். கடன் மதிப்பீடு செய்யும் வங்கிக் கிளைகள், லிஸ்ட் ஆன கோவைக் கம்பெனிகளின் முதலீட்டாளர் தொடர்புப் பிரிவு ஆகியவையும் உண்டு.

சி.எஃப்.ஏ. என்கிற முதலீட்டு ஆய்வுத் தகுதித் தேர்வு மூன்று நிலை. சாசனம் வாங்க, தேர்வோடு குறைந்தது 36 மாதத்தில் 4,000 மணி நேர அனுபவமும் காட்ட வேண்டும். அந்த அனுபவம் முதலீட்டு முடிவுக்கு உதவும் வேலையாக இருக்க வேண்டும் என்பதால், வெறும் பதிவு வேலையைவிட ஆய்வு, தரச் சோதனை வேலையைக் காட்டுவது எளிது. முதல் நிலையை இப்போதே எழுதுங்கள். நீங்கள் மூன்று வருடம் கையால் பார்த்த கணக்கறிக்கைப் பகுதி அதில் கனமானவற்றில் ஒன்று, பலர் தடுமாறுவதும் அதில்தான். இங்கேயே ரிசர்ச் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் செபி அமைத்த என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வைச் சேர்த்து எழுதிவிடுங்கள். செலவு குறைவு, இரண்டு மாதப் படிப்பு போதும். கையில் இன்னொரு ஆஃபர் லெட்டர் வரும்வரை ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம்.